மழைக்காலத்தில் கோவளத்தில் சர்ஃபிங்: எப்போது இறங்கலாம், எப்போது கூடாது – முழுமையான வழிகாட்டி

அக்டோபர் பாதியைத் தாண்டினாலே என்னிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்: “மழை ஆரம்பிச்சிருச்சே, இனிமே பொங்கல் வரைக்கும் போர்டைத் தூக்கிப் பரணில போட வேண்டியதுதானா?” வேண்டாம். பத்து வருடத்துக்கு மேலாக மழைக்காலத்திலும் நான் இங்கே இறங்கிக்கொண்டிருக்கிறேன். மனதில் நிற்கும் நல்ல காலைகளில் சில நவம்பரில் கிடைத்தவை, மிக மோசமாக மாட்டிக்கொண்ட காலையும் நவம்பரில்தான் வந்தது. நல்ல நாளையும் கெட்ட நாளையும் பிரித்தது மழை இல்லை, மழை இரண்டு நாளிலும் பெய்தது. காற்று எந்தப் பக்கம் இருந்து அடித்தது, தண்ணீர் எங்கிருந்து வந்துகொண்டிருந்தது, இந்த இரண்டும்தான் பிரித்தன.

நான் சொல்லும் கோவளம் கேரளத்தில் இருப்பதல்ல. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே, முட்டுக்காடு தாண்டியதும் வரும் மீனவர் ஊர். இங்கிருந்து இன்னும் 20 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். இந்த இரண்டு ஊரையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் மழைக்காலத்தில் ஒன்று சரியில்லாத நாளில் மற்றொன்று கைகொடுக்கும்.

முதலில், எந்த மழை என்று பிரித்துப் பாருங்கள்

நமக்கு இரண்டு மழைக்காலம். இரண்டும் கடலுக்கு நேர் எதிரான வேலையைச் செய்கின்றன, இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. நம் பக்கம் இது பெரும்பாலும் சாயங்கால மழை. பகலெல்லாம் சுட்டெரித்துவிட்டு, மேற்கே காஞ்சிபுரம் பக்கத்தில் மேகம் திரண்டு, இரவில் இடியோடு வந்து கொட்டிவிட்டுப் போகும். காலையில் மேற்குக் காற்று, மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் அந்தக் காற்று, நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும். அதுதான் சர்ஃபிங்குக்கு வேண்டிய காற்று. அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்து, உடையும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, மேற்பரப்பை வழவழவென்று ஆக்கித் தரும். இதே மாதங்களில் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்காற்றுகள் கிளப்பிவிட்ட நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து தெற்கிலிருந்து வந்து சேரும். தெற்கிலிருந்து வரும் அலை கோவளம் முனையிலும் மாமல்லபுரம் கடற்கரைக் கோவில் முனையிலும் பட்டு, வடக்கு நோக்கி வரிசையாக உடைந்துகொண்டே போகும். கரையைப் பார்த்து நிற்பவருக்கு அது வலது பக்கம், அதனால் வலது அலை. 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிப் போட்டியும் 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பும் மாமல்லபுரத்தில் நடந்தன. அந்த 2025 போட்டியில்தான் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். இரண்டு போட்டியும் ஆகஸ்டில் நடந்ததைப் பார்த்தாலே இந்த மாதங்களின் தரம் தெரியும்.

அக்டோபர் கடைசி வாரத்தை ஒட்டி எல்லாம் திரும்பிவிடும். வடகிழக்குப் பருவமழை. சென்னைக்கு வருடத்துக்குக் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றே மாதத்தில் பெய்துவிடுகிறது, அதிலும் நவம்பர்தான் உச்சம். காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கிறது. அலை வங்கக் கடலுக்குள்ளேயே, பக்கத்திலேயே பிறந்து வருவதால் குட்டையாக, நெருக்கமாக, ஒன்றன் காலை ஒன்று மிதித்துக்கொண்டு வரும். கரையோர நீரோட்டமும் திசை மாறி வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். இந்த வழிகாட்டி முக்கியமாக இந்த மூன்று மாதத்துக்கானது.

நடுவில் ஒரு இடைவெளி உண்டு. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் மூன்றாம் வாரம் வரை கச்சான் ஓய்ந்திருக்கும், வாடை என்கிற வடகிழக்குக் காற்று இன்னும் விழுந்திருக்காது, தெற்கு அலை மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். லீவு போடுவதாக இருந்தால் அந்த வாரங்களுக்குப் போடுங்கள்.

முந்தின நாள் இரவு: என்ன பார்க்க வேண்டும்

மழை எச்சரிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆரஞ்சு எச்சரிக்கை என்பது எவ்வளவு மழை பெய்யும் என்று சொல்கிறது, கடல் எப்படி இருக்கும் என்று சொல்வதில்லை. கடலுக்குத் தனியாகப் பார்க்க வேண்டும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் சேவை மையம் அலை உயரம், நீரோட்டம், உயர் அலை எச்சரிக்கை எல்லாவற்றையும் கரை வாரியாக வெளியிடுகிறது. அதைத் திறந்துவைத்துக்கொண்டு, பக்கத்தில் விண்டி அல்லது சர்ஃப்லைன் போன்ற ஏதாவது ஒரு செயலியில் காற்றைப் பாருங்கள்.

நான் பார்க்கும் வரிசை இதுதான்: காற்றின் திசை, காற்றின் வேகம், அலைகளுக்கு இடையிலான நேரம், கடைசியாகத்தான் அலை உயரம். புதிதாக வருகிறவர்கள் உயரத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள், அதுதான் தவறு. 1 மீட்டர் அலை 13 விநாடிக்கு ஒரு தடவை வந்தால் அது நின்று நிதானமாக ஏறிப் போகக்கூடிய அழகான அலை. அதே 1 மீட்டர் 6 விநாடிக்கு ஒரு தடவை வந்தால் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் மாட்டிய மாதிரிதான்; ஒரு அலையிலிருந்து தலையை வெளியே எடுப்பதற்குள் அடுத்தது தலைமேல் விழும். ஆழ்கடலில் 6 விநாடி அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே 56 மீட்டர்தான் தூரம் இருக்கும், 13 விநாடி அலைக்கு 260 மீட்டருக்கு மேல். உள்ளே நீந்திப் போக உங்களுக்குக் கிடைக்கும் மூச்சு அந்த இடைவெளிதான்.

இன்னொன்று. முன்னறிவிப்பில் போடும் அலை உயரம் எல்லா அலைக்கும் அதிகபட்சம் என்று நினைத்துவிடாதீர்கள். வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால், நடுவில் எப்போதாவது கிட்டத்தட்ட 3 மீட்டரிலும் ஒன்று வரும்.

நான் எனக்கு வைத்திருக்கும் கணக்கைச் சொல்கிறேன், உங்களுடைய அனுபவத்துக்கு ஏற்ப இதைவிடக் குறைத்துக்கொள்ளுங்கள், கூட்டாதீர்கள். வாடை மணிக்கு 15 கிலோமீட்டருக்குள் இருந்தால் போய்ப் பார்ப்பேன். 15 முதல் 25 என்றால் விடியற்காலை மட்டும். 25க்கு மேல் என்றால் தூங்குவேன். நீங்கள் கற்றுக்கொள்ளத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றால், வடகிழக்குக் காலத்தில் அலை 1 மீட்டரைத் தாண்டிய நாளில் பயிற்சியாளர் இல்லாமல் இறங்கவே இறங்காதீர்கள்.

விடியற்காலை ஏன்? இரவில் நிலம் குளிர்ந்து, நிலக்காற்று மெல்லக் கடல் பக்கம் நகரும். பருவக்காற்று ரொம்பப் பலமாக இல்லாத நாட்களில் இது வாடையைக் கரையோரத்தில் கொஞ்சம் தள்ளிப் பிடித்துவைக்கும். 5.45க்கும் 8க்கும் நடுவில் கடல் கண்ணாடியாக இல்லாவிட்டாலும் படிந்து கிடக்கும். 9 மணிக்கு வந்து நிற்பவர்கள் பார்க்கும் கடலே வேறு. இதில் ஒரு சிக்கல், வடகிழக்குப் பருவத்தில் கரையோர மழையும் பெரும்பாலும் பின்னிரவிலிருந்து காலை வரைதான் வலுக்கிறது. எனவே நனைந்துகொண்டே சர்ஃப் செய்யப் பழகிக்கொள்ளுங்கள். காற்றில்லாமல் நேராக இறங்கும் மழை கடலுக்குக் கெடுதல் செய்வதில்லை. பெரிய துளிகள் விழும்போது மேற்பரப்பில் இருக்கும் சிறு சிறு அலைகள் அடங்கிப்போய், தண்ணீர் எண்ணெய் தடவின மாதிரி ஆகிவிடும். சுற்றிலும் சடசடவென்று சத்தம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, திடீரென்று சாம்பல் நிறத் திரைக்குள்ளிருந்து ஒரு அலை மட்டும் எழுந்து வரும். அந்தக் காட்சிக்காகவே நான் நவம்பரில் அலாரம் வைக்கிறேன்.

தாழ்வுப் பகுதி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

செய்தியில் “வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி” என்றதும் எல்லாரும் ஒரே மாதிரி பயப்படுகிறார்கள், அல்லது ஒரே மாதிரி உற்சாகப்படுகிறார்கள். எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. நம் பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். சுழலின் மையம் நமக்குத் தெற்கே, நாகப்பட்டினம் பக்கமோ இலங்கைப் பக்கமோ இருந்தால், நமக்குக் காற்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் கரைக்கு அடிக்கும். கடல் கலங்கிக் கொந்தளித்துக் கிடக்கும், போகவே வேண்டாம். மையம் நமக்கு வடக்கே ஆந்திரப் பக்கம் ஏறிப்போய்விட்டால், காற்று மேற்கே திரும்பி நிலத்திலிருந்து கடலுக்கு வீசத் தொடங்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் அப்படித்தான் சென்னையை மூழ்கடித்துவிட்டு 5ஆம் தேதி பாபட்லா பக்கத்தில் கரையேறியது. 2022இல் மாண்டஸ் டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. மையத்துக்கு வடக்கே இருந்த ஊர்களுக்குக் கடலிலிருந்து காற்று, தெற்கே இருந்தவற்றுக்கு நிலத்திலிருந்து காற்று. ஒரே இரவு, சில கிலோமீட்டர் வித்தியாசத்தில் இரண்டு வேறு கடல்.

இதைப் படித்துவிட்டுப் புயல் கடக்கும் நாளில் யாரும் இறங்கிவிடக் கூடாது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள் என்றால் நமக்கும் அதுதான் சட்டம். படகைக் கரையில் மேலே இழுத்துப் போட்டுக் கட்டிவைத்திருக்கும் ஊரில், நாம் போர்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடப்பது அவர்களை அவமதிப்பது. ஏதாவது ஆனால் நம்மைத் தேடி இறங்கப்போவதும் அந்த மனிதர்கள்தான். பார்க்க வேண்டியது புயலுக்குப் பின்னான நாட்களை: காற்று அடங்கி, அலையின் எச்சம் மட்டும் வந்துகொண்டிருக்கும் மூன்றாம் நாள், நான்காம் நாள்.

கரையில் நின்று 20 நிமிடம்

போர்டை வண்டியிலிருந்து இறக்காதீர்கள். முதலில் வெறுங்கையோடு போய் நில்லுங்கள்.

கோவளத்தில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு வயதான மீனவர். நான் சர்ஃபிங் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வருடம், நல்ல மழை, நான் படகுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலையை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: “மேல என்னத்த தம்பி பாக்குற, மழை பெஞ்சா பெய்யட்டும். தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, அத பாரு.” பிறகு கையில் கிடைத்த ஒரு தேங்காய் மட்டையைத் தூக்கி நுரைக்கு அப்பால் எறிந்தார். மட்டை இரண்டு நிமிடத்தில் மூன்று படகு தாண்டித் தெற்கே போய்விட்டது. “இது நீ” என்றார். இன்றைக்கும் நான் மட்டை எறியாமல் இறங்குவதில்லை.

அதையே நீங்களும் செய்யுங்கள். மட்டை ஒரு நிமிடத்தில் எத்தனை அடி நகர்கிறது என்று நடந்து பாருங்கள். உங்கள் நடை வேகத்தில் பாதிக்கு மேல் போகிறது என்றால் அன்றைக்குக் கடல் உங்களுடையது இல்லை.

அடுத்து, அலையை எண்ணுங்கள். ஒரு இடத்தைக் குறிவைத்து அங்கே உடையும் 11 அலைக்கு ஆகும் நேரத்தைப் பார்த்து 10ஆல் வகுத்தால் அலை இடைவெளி வந்துவிடும். முன்னறிவிப்பு 9 என்று சொல்லி, கண் முன்னால் 6 வந்தால் கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்து, இழுப்பு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், நிறம் கொஞ்சம் அடர்ந்து, மேற்பரப்பு சலசலத்துக்கொண்டு அமைதியாகத் தெரியும். புதியவர்களுக்கு அதுதான் பாதுகாப்பான இடம் மாதிரி தோன்றும். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பக் கடலுக்குப் போகும் வாய்க்கால் அது. மழைக்காலத்தில் மணல் திட்டுகள் வாரத்துக்கு வாரம் இடம் மாறுவதால், போன ஞாயிறு இருந்த இடத்தில் இந்த ஞாயிறு இழுப்பு இருக்காது. பழைய ஞாபகத்தை வைத்து இறங்காதீர்கள்.

கடைசியாக, படகுகளைப் பாருங்கள். ஃபைபர் படகுகள் அலைக்கு நடுவே சரியான நேரம் பார்த்து, இன்ஜினை முழுசாகத் திருகிக் கரைக்குப் பாய்ந்து வரும். அவர்களால் நமக்காகத் திரும்ப முடியாது. அவர்கள் வரும் வழியில் நிற்காதீர்கள். அவர்கள் ஒருவர்கூட இறக்கவில்லை என்றால் ஏன் என்று யாரிடமாவது கேளுங்கள், “அண்ணே, தண்ணி எப்படி இருக்கு?” என்று ஒரு வார்த்தை கேட்டால் எந்தச் செயலியும் தராத பதில் கிடைக்கும்.

தண்ணீரின் நிறமும் வாசனையும்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் நான் கொஞ்சம் நீட்டியே பேசப்போகிறேன்.

தென்சென்னையின் மழைநீர் எங்கே போகிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், அங்கிருந்து தெற்கே ஓடி முட்டுக்காடு முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு. மழைநீரோடு நகரத்தின் கழிவுநீரும் சேர்ந்துதான் வரும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கிடக்கும்போது பிரச்சினை இல்லை. பெருமழையில் அது திறந்துகொண்டால் செம்மண் நிறத்தில் ஒரு நாக்கு மாதிரி கடலுக்குள் நீளும். முட்டுக்காடு கோவளத்துக்கு வடக்கே இருக்கிறது, நவம்பரில் நீரோட்டமோ வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. ஆக அந்தத் தண்ணீர் முழுவதும் நேராகக் கோவளத்துக்கு வருகிறது. ஜூலையில் எவ்வளவு மழை பெய்தாலும் இந்தப் பிரச்சினை இவ்வளவு இருக்காது, அப்போது ஓட்டம் வடக்கே இருப்பதால் அழுக்கு நம்மை விட்டு விலகிப் போகும்.

என் விதி: பெருமழை நின்று முழுசாக 72 மணி நேரம் ஆகும்வரை கோவளத்தில் தலையை நனைப்பதில்லை. மூன்று நாள் கழித்தும் தண்ணீர் காபி நிறத்தில் இருந்தாலோ, ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் மிதந்தாலோ, சாக்கடை நாற்றம் அடித்தாலோ இன்னும் இரண்டு நாள் பொறுக்கவும். ஒரு வருடம் இதை நான் மதிக்காமல், அலை நன்றாக இருக்கிறதே என்று மறுநாளே இறங்கி, காதில் சீழ் பிடித்து மூன்று வாரம் தண்ணீர் பக்கமே போக முடியாமல் கிடந்தேன். காதோடு போனது நல்லகாலம். வெள்ள நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், காலில் சின்ன கீறல் இருந்தால் போதும் உள்ளே போக. அழுக்குத் தண்ணீரில் இறங்கிய பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்குள் கடுமையான காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் படுக்காமல் டாக்டரிடம் போய், வெள்ளம் கலந்த கடலில் இறங்கினேன் என்பதையும் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் அவர் சரியான சோதனையை எழுதுவார்.

இந்த மாதிரி நாட்களில் நான் மாமல்லபுரத்துக்கு வண்டியைத் திருப்பிவிடுவேன். முட்டுக்காட்டிலிருந்து தூரம் அதிகம், பாலாற்று முகத்துவாரமோ மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருப்பதால் அதன் கலங்கலும் நம்மை விட்டு அப்பால்தான் போகும். இன்னொரு வசதியும் உண்டு. வடகிழக்கிலிருந்து காற்றும் அலையும் வரும்போது எந்த முனைக்கும் தெற்குப் பக்கம் கொஞ்சம் ஒதுக்கமாக இருக்கும், கடற்கரைக் கோவில் முனைக்கும் அப்படித்தான். ஆனால் கோவிலைக் காக்கப் போட்டிருக்கும் பாறைகள் அங்கே உண்டு. அலை மோதித் திரும்பும் அந்தக் கற்களுக்குக் கிட்டே போகாதீர்கள்.

போர்டும் மற்றதும்

பெரிய போர்டு எடுங்கள். வாடை அலையில் தள்ளும் சக்தி குறைவு, இடைவெளி குறைவு, எனவே மிதப்பு அதிகம் உள்ள போர்டுதான் அலையைப் பிடிக்கும். ஜூலையில் 6 அடி போர்டில் போகிறவர் நவம்பரில் 7 அடிக்கு மேல் போகலாம். கற்றுக்கொள்கிறவர் 8, 9 அடி ஃபோம் போர்டிலேயே இருங்கள். மழையில் பக்கத்தில் இருப்பவரைச் சரியாகத் தெரியாதபோது உங்கள் போர்டு அவர் தலையில் பட்டாலும் காயம் பெரிதாகாது.

போர்டைக் காலோடு கட்டும் கயிறான லீஷைக் கையால் இழுத்துப் பாருங்கள். வெயிலில் கிடந்து வெடித்த லீஷ் அமைதியான கடலில் ஆறு மாதம் தாங்கும், நெருக்கமாக அடிக்கும் அலையில் முதல் நாளே அறுந்துபோகும். அறுந்தால் உங்களைத் தாங்கிக்கொண்டிருந்த ஒரே மிதவை போய்விட்டது என்று அர்த்தம். தண்ணீர் அப்போதும் சூடாகத்தான் இருக்கும், 26, 27 டிகிரிக்குக் கீழே போவது அரிது, எனவே கால் வழுக்காமல் இருக்கப் போர்டில் தேய்ப்பதற்கு வெப்பக் கடலுக்கான வாக்ஸே (மெழுகே) போதும். குளிரப்போவது தண்ணீருக்குள் இல்லை, மேலே ஈரத்தோடு காற்றில் உட்கார்ந்திருக்கும்போது. உடலை ஒட்டியிருக்கும் நீச்சல் சட்டையான ரேஷ் கார்டை முழுக்கையாகப் போடுங்கள். பளிச்சென்று ஆரஞ்சோ மஞ்சளோ போடுங்கள், சாம்பல் கடலில் கறுப்பு உடை தெரியவே தெரியாது.

இறங்குவதும் திரும்புவதும்

நீரோட்டம் தெற்கே என்றால், நீங்கள் உட்கார நினைக்கும் இடத்துக்கு 100, 150 மீட்டர் வடக்கே போய் இறங்குங்கள். நீந்தி வெளியே போவதற்குள் அது உங்களைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். கரையில் இரண்டு அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள், ஒன்று கிட்டே, ஒன்று அதற்கு நேர் பின்னால் தூரத்தில். ஒரு நீலப் படகும் பின்னால் மாதா கோவில் உச்சியும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே கோட்டில் தெரிந்தால் இடம் மாறவில்லை. விலகத் தொடங்கினால் உடனே கையைப் போட்டுத் துழாவுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பாருங்கள், மழை அடிக்கும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை.

நான் மாட்டியது இதில்தான். நவம்பர் நடுவில் ஒரு காலை, மழை வலுத்துக் கரை மறைந்துவிட்டது. அலை வந்துகொண்டே இருந்ததால் நானும் அடையாளம் பார்க்கவில்லை. கால்மணி நேரம் கழித்து மழை விலகியபோது எனக்கு நேரே இருந்தது எனக்குத் தெரியாத கரை. ஊரும் படகுகளும் வடக்கே வெகுதூரத்தில். எதிர்த்து நீந்தினேன், அது பெரிய தப்பு, பத்து நிமிடத்தில் தோள் இரண்டும் செத்துவிட்டது. அதன் பிறகுதான் ஓட்டத்தோடு போய்க்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப் பக்கம் ஒதுங்கி, வெள்ளை நுரை கிடைத்ததும் வயிற்றில் படுத்தபடியே வந்து சேர்ந்தேன். முக்கால் கிலோமீட்டர் போர்டைத் தூக்கிக்கொண்டு நடந்து திரும்பியபோது கால் நடுங்கியது.

எனவே: இழுப்பில் மாட்டினால் போர்டை விடாதீர்கள், எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் போய், அலை உடையும் இடம் வந்ததும் அதோடு உள்ளே வாருங்கள். ஓட்டம் தெற்கே என்றால் தெற்கேயே போங்கள், நடந்து திரும்பிக்கொள்ளலாம். முடியவில்லை என்றால் போர்டில் உட்கார்ந்து ஒரு கையை நீட்டி ஆட்டுங்கள். தனியாக இறங்கவே கூடாது. கரையில் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதும், அவர் போனில் 108உம் கடலோரக் காவல்படையின் 1554உம் பதிந்திருப்பதும் அவசியம்.

அலையைப் பிடிப்பதில் ஒரு மாற்றம். வடகிழக்கு அலை கரையோரம் தெற்கு நோக்கி உடையும், கரையைப் பார்ப்பவருக்கு அது இடது. வருடம் முழுக்க கோவளம் முனையில் வலது அலையிலேயே பழகியவர்களுக்கு இது கை மாறி எழுதுகிற மாதிரி இருக்கும். சரி, நல்லதுதான், இடது காலை முன்னால் வைத்து நிற்பவர்கள் முதுகை அலைக்குக் காட்டிச் சறுக்கப் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. நீளமாகப் போகும் அலையை எதிர்பார்க்காதீர்கள், மூன்று நான்கு விநாடி கிடைக்கும். நிறைய கிடைக்கும்.

இடி

இதில் பேச்சே இல்லை. மின்னலைப் பார்த்து இடி கேட்பதற்குள் 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் உடனே வெளியே வாருங்கள். மின்னல் அப்போது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தண்ணீரில் உட்கார்ந்திருக்கும்போது சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருள் உங்கள் தலைதான். தென்னை மரத்தடியிலும் ஓலைக் கொட்டகையிலும் ஒதுங்காமல் காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் மறுபடி இறங்க வேண்டும். கிளம்பும் முன்பு வானிலை ஆய்வு மையத்தின் சென்னை ரேடார் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால், அடுத்த ஒரு மணி நேரத்தில் எது வருகிறது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

கரைக்கு வந்த பிறகு

கரையில் செருப்போடு நடங்கள். வலையிலிருந்து உதறிப்போட்ட கெளுத்தியின் முள் மணலில் நிமிர்ந்து நிற்கும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காலை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கடல் பாம்பு ஒதுங்கிக் கிடந்தால் செத்ததுபோல் தெரிந்தாலும் தொடாதீர்கள். காற்று கரைக்கு அடிப்பதால் நடுக்கடலில் மிதப்பதெல்லாம் இந்த மாதங்களில் வந்து ஒதுங்கும். 2023இல் மிக்ஜாமுக்குப் பிறகு பெசன்ட் நகர் கரையில் நீல டிராகன் எனப்படும் சின்னக் கடல் நத்தைகள் கிடந்தன. பார்க்க அவ்வளவு அழகு, கையில் எடுத்தால் கொட்டும். சொறி மீன் பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காமல், நல்ல தண்ணீரும் ஊற்றாமல், கடல் நீராலேயே கழுவுங்கள்.

போர்டை நல்ல தண்ணீரில் கழுவி, விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மழைக்காலத்தில் எதுவும் காயாது. சின்ன விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் அங்கேயே தங்கி, ஃபோமை ஊறவைத்து மஞ்சளாக்கிவிடும். விரிசலைக் கீழ்ப்பக்கமாக வைத்து, மின்விசிறிக்கு அடியில் இரண்டு மூன்று நாள் நிறுத்தி, முழுசாகக் காய்ந்த பிறகுதான் ரெசின் பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் ஒரு வாரத்தில் உரிந்துவரும். ஈரமான போர்டை உறைக்குள் போட்டு மூடாதீர்கள்.

இறங்க முடியாத வாரங்களிலும் ஒரு தடவையாவது, கடல் உள்வாங்கியிருக்கும் நேரம் பார்த்துக் கரையோரம் நடந்துவிட்டு வாருங்கள். நம் பக்கம் ஏற்ற இறக்கம் அதிகபட்சம் 1 மீட்டரை ஒட்டித்தான், அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் போனால்தான் மணல் திட்டுகள் நன்றாகத் தெரியும். எந்தத் திட்டு கரைந்தது, எது புதிதாக எழுந்தது என்று போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி பாதியில் மழை விலகி வாடை தளரும்போது, எங்கே போய் உட்கார வேண்டும் என்று அந்தப் படங்கள் சொல்லும்.